செம்பட்டை ஏறாத சாயம்

பழுப்புச் சாயம் செம்பட்டையாக வெளுக்காமல் இருக்க வேண்டுமென்றால் முதலில் வெந்நீரை நிறுத்த வேண்டும். பச்சைத் தண்ணீரில்தான் தலைக்குக் குளிக்க வேண்டும். வெயிலில் குடை இல்லாமல் போகக் கூடாது. நீல நிறத்தில் ஒரு ஷாம்பு விற்கிறார்கள், அது சிவப்பைக் கொஞ்சம் அடக்கும். இதெல்லாம் என் தங்கை ஆரபிக்காகக் கற்றுக்கொண்டது. என் தலையை நான் வெள்ளையாகவே விட்டுவிட்டேன், நீங்களே பார்க்கிறீர்கள்.

தங்கையின் சாவைப் பற்றிச் சொல்ல வந்தவள் தலைமுடியைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒன்றுதான்.

ஈசூனில் எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அம்மா போனதோடு வீட்டில் யாழ்ப்பாணப் பேச்சும் போய்விட்டது. நான் சிங்கப்பூர் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆரபி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்தாள். அவளுக்கு இளமையிலேயே நரைத்துவிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளைச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்து, தோளில் பழைய துண்டைப் போட்டு, நான்தான் டை அடித்துவிடுவேன். டை காயும்வரை அவளால் எங்கும் எழுந்து போக முடியாது. எனக்கு அது பிடித்திருந்தது.

டை வாங்குவது ஜாலான் புசார் பக்கம் நூருன்னிசாவின் கடையில். ஒரு தீபாவளிச் சமயம் லிட்டில் இந்தியா கடைத்தெருவில் ஆரபி கையில் கறுப்பு மருதாணி போட்டுக்கொண்டாள். கை கொப்புளித்தது. உதடும் கண்ணிமையும் வீங்கின. மருந்து தடவித் துணி சுற்றிவிட்டவள் நான்தான். மருதாணி மட்டம் என்று சொல்லிவிட்டு அவள் அதை மறந்தாள். நான் நூருன்னிசாவிடம் சொன்னேன். எனக்கு எடுத்துக் கொடுக்க வைத்திருந்த டைப் பெட்டியை அவள் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டாள்.

“மருதாணி எங்கயாவது கறுப்பா இருக்குமாக்கா? முடிக்குப் போடற டை மருந்தத்தான் அதுல கலக்குறாங்க. இனிமே தங்கச்சிக்கு சாதாரண டை வேணாம். மூச்சே நின்னுடும்.”

அன்றிலிருந்து அந்த மருந்து கலக்காத ஒன்றைத் தந்தாள். ஏன் மாற்றினேன் என்று ஆரபியிடம் சொல்லவில்லை. பயந்துவிடுவாளே என்று நினைத்து, முடிக்கு நல்லது என்று மட்டும் சொன்னேன். அந்தச் சாயத்தில் ஒரே ஒரு குறை, அது நிற்காது. சீக்கிரமே செம்பட்டை ஏறிவிடும்.

பிறகு வழக்கத்தைவிடச் சீக்கிரமாக ஏற ஆரம்பித்தது. வெந்நீர் கிடையாது, வெயில் கிடையாது, நீல ஷாம்பு இருக்கிறது, இருந்தும் நெற்றியோரம் செம்புக் கம்பி மாதிரி ஆகிறது என்று நூருன்னிசாவிடம் கேட்டேன்.

“நீச்சல் பழகுறாங்களோ? குளோரின் பட்டா அப்படித்தான் லா. தண்ணில இறங்குறதுக்கு முன்னாடி எண்ணெய் தடவித் தொப்பி போட்டுக்கச் சொல்லுங்க.”

நீச்சல் பழகுவதாக ஆரபி என்னிடம் சொன்னதில்லை. சனிக்கிழமைகளில் ஓவர்டைம் என்றுதான் சொல்லியிருந்தாள். நூருன்னிசா சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. தொப்பி போட்டுவிட்டால் எனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும். துண்டைப் போட்டு வகிடு பிரிக்கும்போது, அந்த மாதம் அவள் எவ்வளவு நேரத்தை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள் என்பது என் விரலுக்கு நடுவில் தெரிந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் வெட்கப்பட வேண்டியது இன்னும் இருக்கிறது.

ஒருநாள் சாயங்காலம் அவள் சேதுபதியை வீட்டுக்கு அழைத்து வந்தாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர்.

“அக்கா, இவர்தான் எனக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தாரு. நாங்க ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கப் போறோம்.”

“இந்த வயசுலயா?”

“பல்லு இருக்கறப்பவே பண்ணிக்கிறேன்க்கா. விருந்துல கறி மெல்லணும்ல.”

அவர் சிரித்தார். “இவகூடத் தண்ணில இறங்கவே பயமா இருக்குக்கா. தலை பத்திக்கிட்டு எரியுது. தீயணைப்பு வண்டியக் கூப்பிடலாமான்னு பார்க்கறேன்.”

ஆரபியும் சிரித்தாள். ஆனால் கை தலைக்குப் போயிற்று. அவர் போன பிறகு கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள்.

“போட்டோவுல செம்பட்டையா இருக்கக் கூடாதுக்கா. இந்தத் தடவை கலர் நிக்கற மாதிரி ஏதாவது போடு.”

அவள் கேட்டதைத்தான் செய்தேன். இதை நான் பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

நூருன்னிசாவின் கடைக்குப் போகவில்லை. யாருக்கு என்று கேட்டிருப்பாள். சிராங்கூன் சாலையில் கூட்டமான ஒரு கடையில், நிறம் கெட்டியாக நிற்கும் சாதாரண டை ஒன்றை எடுத்துக்கொண்டேன். முன்கூட்டியே காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்க்கும்படி பெட்டியில் போட்டிருந்தது. அதற்கு நாள் இருந்தது. நான் தடவிப் பார்க்கவில்லை. என்ன ஆகும் என்று தெரிந்தவள் எதற்குப் பார்க்க வேண்டும்?

நான் நினைத்தது வீக்கத்தை மட்டும்தான். திங்கட்கிழமை பதிவு. ஞாயிற்றுக்கிழமை முகம் வீங்கினால் அவளால் போக முடியாது. கஞ்சி வைத்துக் கொடுத்துப் பக்கத்தில் இருந்திருப்பேன். அதற்குள் அந்த மனிதரும் கொஞ்சம் யோசித்திருப்பார். மூச்சு நின்றுவிடும் என்று நூருன்னிசா சொன்னது எனக்கு நினைவில்லை என்று உங்களிடம் சொல்லலாம் என்றுதான் வந்தேன். ஆனால் சற்றுமுன் அதை நானே ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிட்டேன்.

போன வருஷம் இந்த ஸ்டேஷனிலிருந்து வந்த அதிகாரி, உங்கள் தங்கைக்கு அலர்ஜி ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். தற்செயல் மரணம் என்று விசாரணை முடிந்தது. சேதுபதியும் அப்படித்தான் நம்பினார். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் வருகிறார். கடையில் தோசை வாங்கிக்கொண்டு வருவார், நான் சட்னி அரைத்து வைத்திருப்பேன். ஆரபியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். சனிக்கிழமையே நல்ல புடவையை எடுத்து வைக்க ஆரம்பித்தேன். தங்கையைப் பறிகொடுத்த வீட்டில் நான் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

போன ஞாயிறு அவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்.

“நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா அவ டையே அடிச்சிருக்க மாட்டாக்கா. கேலி பண்ணியே கொன்னுட்டேன்.”

அவர் நீச்சல் குளத்துக்குப் போவதையே விட்டுவிட்டாராம். ஈரத்தலையோடு யாரைப் பார்த்தாலும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாராம். நான் “சாப்பிடுங்க” என்று இன்னொரு தோசையை எடுத்து வைத்தேன். நீங்கள் கொல்லவில்லை என்ற ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. வந்திருந்தால் அடுத்த வார்த்தையும் வர வேண்டும். அவர் என் பாவத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அந்தத் தோசையை மறுக்காமல் தின்றார்.

அதனால்தான் வந்தேன். அவர் இப்போது வெளியே பெஞ்சில் என் குடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏதோ கையெழுத்து வேலை என்றேன். தனியாகப் போகாதீங்கக்கா என்று கூடவே வந்துவிட்டார். என்னால் அவரிடம் போய்ச் சொல்ல முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் காலை நடந்தது இவ்வளவுதான். டை அடித்து முடித்துக் கையுறையைக் கழற்றினேன். கொஞ்ச நேரத்தில் அரிக்கிறது என்றாள். பிறகு நெஞ்சைத் தடவிக்கொண்டு, “கழுவி விட்டுடுக்கா, என்னவோ பண்ணுது” என்றாள். குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் பின்னால் நின்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

“கொஞ்சம் பொறு, ஆரபி. இப்பக் கழுவினா செம்பட்டையாயிடும்.”

அவள் பொறுத்தாள். நான் சொன்னதை அவள் எப்போதும் கேட்பாள். திரும்பவும் கழுவச் சொன்னாள், திரும்பவும் அதையே சொன்னேன். அதற்குப் பிறகு குரல் வரவில்லை, கண் மட்டும் என்னைத் தேடியது. அவள் நாற்காலியிலிருந்து சரிந்த பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

அவளைச் சவப்பெட்டியில் வைத்திருந்தபோது வந்த பெண்கள் எல்லாரும் அவள் முடியைத்தான் பார்த்தார்கள். நல்ல பழுப்பு, ஒரு இழைகூடச் சிவக்கவில்லை. அப்போதே கழுவினால் செம்பட்டையாகிவிடும் என்று நான் அவளிடம் சொன்னது பொய் இல்லை. அவரிடம் சொல்லும்போது அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.