முந்நூற்று நாற்பதாவது அழைப்பு

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, ஆர்டர் வாங்கும் ஆப்பை அணைத்துவிட்டு, அரை நாள் பிழைப்பை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் டெலிவரித் தோழர்களே!

எனக்கு மேடைப் பேச்சு வராது. சங்க அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவன் நான். ஆனால் நம் பொதுச்செயலாளர், எதற்கும் முதலில் 'பொறு' என்று நிறுத்துகிற தோழர் 'பிரேக்' அண்ணனைப் பற்றி இன்று நான் பேசாவிட்டால், நாளை எனக்குத் தூக்கம் வராது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவரோடு சண்டை போட்டேன். ஒன்பதே முக்காலுக்கு அவர் இல்லை! நாற்பத்தோரு வயது. மாடிப்படி ஏறினால்கூட மூச்சு வாங்காத மனிதர். நாற்காலியில் உட்கார்ந்தபடி, காதில் போனோடு போய்விட்டார். இதை நான்கு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், இன்னும் மண்டையில் ஏறவில்லை. உங்களுக்கு ஏறியதா?

என்ன சண்டை? நம் சங்கத்தில் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர். அந்தப் பட்டியலை எந்த மென்பொருளில் வைப்பது என்பதுதான் சண்டை. பட்டியல் வெளியே போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நாளில் கம்பெனி உங்கள் ஐடியை முடக்கும். காரணம் கேட்டால் 'சிஸ்டம் எடுத்த முடிவு' என்பார்கள்.

பல வாரமாக ஓடிய சண்டை அது. தொடக்கத்தில் ஒரு நிறுவனம் இலவசமாகத் தருகிறேன் என்றது. வேகமானது, அழகானது. நான் குதித்தேன். அண்ணன் ஒன்றுதான் கேட்டார்.

"இவங்ககிட்ட வேற யாரு சாமான் வாங்குறாங்க?"

அவர்களுடைய இணையப் பக்கத்திலேயே இருந்தது. நமக்கு வேலை தரும் இரண்டு கம்பெனிகளும் வாடிக்கையாளர்கள். எந்தத் தொழிலாளி நாளைக்குக் கொடி பிடிப்பான் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும் கருவியை வாங்குகிறார்கள்.

"அது வேற பிரிவுண்ணே. நடுவுல சுவர் இருக்கு."

"சுவர்ல கதவு இருக்காடா?"

எனக்கு எரிச்சல் வந்தது. "காலையில நீங்க வண்டி ஓட்டுறதே அந்தக் கம்பெனி ஆப்புலதானே? அங்க மட்டும் உங்க கொள்கை தூங்கிடுமா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"அங்க எனக்கு வேற வழி இல்ல தம்பி. இங்க இருக்கு. வழி இருக்குற இடத்துலயும் யோசிக்கலன்னா, அப்புறம் எங்கதான் யோசிக்கிறது?"

அவர் எதையும் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம் என்பவரும் அல்ல. நாம் பயன்படுத்தும் வரைபட மென்பொருளை எழுதியவன், கூலிக்காரர்களைப் பற்றி அசிங்கமாக எழுதுகிறவன். அதைத் தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்தேன். "அவன் எழுதுறதப் படிச்சா எனக்கும் குமட்டுது. ஆனா இது நம்ம மெஷின்லயே ஓடுது. அவனுக்குக் காசும் போகல, நம்ம ஆளுங்க பேரும் போகல. வச்சுக்கோ" என்றார். இனிக்க இனிக்கப் பேசிய இலவச நிறுவனத்தை வேண்டாம் என்றார். பேச்சை வைத்து எடை போடவில்லை. யார் கழுத்துக்குக் கத்தி வரும் என்பதை வைத்து எடை போட்டார்.

அவரைத் தெய்வமாக்க நான் வரவில்லை. அவருடைய நிதானத்துக்கும் ஒரு விலை இருந்தது. மழைக்காலத்தில் ஒரு தோழர் லாரியில் அடிபட்டபோது நம் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ரத்தம் வேண்டும் என்ற செய்தி நான்கு மணி நேரம் தாமதமாகப் போனது. பிழைத்தார், ஆனால் கால் போய்விட்டது. அதைச் சொல்லித்தான் செயற்குழுவில் நான் ஜெயித்தேன். புது மென்பொருளுக்கு ஒன்பது கை, எதிர்ப்புக்கு ஒரே கை. "பிரேக் அண்ணா, இப்பவாவது வண்டிய எடுப்பீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

பிறகு பத்து நாள் அவகாசம் மட்டும் கேட்டார். "ஓட்டுல தோத்துட்டேன், ஒத்துக்கறேன். ஆனா பேரு அவங்களோடது. ஒவ்வொருத்தரையும் கேட்டுட்டு ஏத்து."

தோழர்களே, இப்போது சொல்லப்போவது அண்ணிக்கும் தெரியாது. அந்த ஓட்டெடுப்புக்கு முன்பே, செயற்குழுவுக்குச் செய்து காட்டுவதற்காக, உண்மையான நாற்பது பேரின் பெயர்களை நான் அதில் ஏற்றிவிட்டேன். பொய்ப் பெயர் போட்டிருக்கலாம். அவசரம்! அண்ணன் கண்டுபிடித்தார். செயற்குழுவில் சொல்லவில்லை. முதல் வேலையாக அந்த நாற்பது பேரையும் தேடிப் போய், "தப்பு சங்கத்தோடது, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லியிருக்கிறார். என் பெயரை எங்கும் சொல்லவில்லை. அந்த நாற்பது பேருக்கும் இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்று என்னால் சொல்ல முடியுமா? முடியாது. அழித்துவிட்டேன் என்றுதான் சொல்ல முடியும். அவர்கள் பக்கம் அழிந்ததா என்பது எனக்குத் தெரியாது.

மற்றவர்களை அகரவரிசைப்படி போனில் கேட்கத் தொடங்கினார். முந்நூற்று முப்பத்தொன்பது பேர் முடிந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் அவரவர் சொன்னதை எழுதி வைத்திருக்கிறார். 'சரி.' 'வேண்டாம்.' 'மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன்.' 'திட்டினார், நியாயம்.'

முந்நூற்று நாற்பதாவது தோழர் இதோ பின்வரிசையில் இருக்கிறார். அவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, நான் வேணாம்னு சொன்னா சங்கத்துல இருந்து தூக்கிடுவீங்களா?" பதில் வரவில்லை. "அண்ணே, லைன்ல இருக்கீங்களா, அண்ணே?" என்று கத்திக்கொண்டே இருந்திருக்கிறார். நான் பக்கத்து அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டிருந்தேன்!

தோழரே, அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். தூக்க மாட்டோம். எவன் தூக்குகிறான், பார்த்துவிடுவோம்!

அண்ணன் கேட்ட பத்து நாள் முடிகிறது; நாளை காலை பத்து மணிக்குப் பட்டியல் முழுவதையும் ஏற்ற வேண்டும் என்பது செயற்குழு எனக்குத் தந்திருக்கும் உத்தரவு. ஏற்ற மாட்டேன். மிச்சமிருக்கும் ஒவ்வொரு தோழரையும் நானே கூப்பிடுவேன். வேண்டாம் என்ற ஒரு பெயர்கூட இந்தக் கையால் போகாது. அடிபட்ட தோழருக்கு ஆன தாமதம் இன்னொருவருக்கு ஆகாதபடி, நம் சொந்த மெஷினிலேயே ஓடுகிற ஒன்றை நான் கட்டித் தருவேன். அதற்கு என்னை வேலையை விட்டு நிறுத்தினாலும் சரி, வெளியே உட்கார்ந்து கட்டுவேன்.

அண்ணி, உங்கள் முன்னால் இந்த வாக்கைக் கொடுக்கிறேன்.

அண்ணனுடைய பட்டியலில் அடுத்த பெயர் முந்நூற்று நாற்பத்தொன்று. தலைவர் அவர்களே, அது உங்கள் பெயர். எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறேன். நமக்கு வேலை தருகிறவர்களுக்கும் சாமான் விற்கிற ஒரு கம்பெனியிடம் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் கொடுக்கலாமா?

நிதானமாகச் சொல்லுங்கள் தலைவரே. எழுதிக்கொள்கிறேன்.