பேருக்கு விட்ட இடம்

"பிழை இருக்கெண்டு தெரிஞ்சுதான் குடுத்தனான், அத்தான்."

பம்பலப்பிட்டியில் பஸ் ஏறிய இருவரில் இளையவர் இப்படிச் சொன்னதும் பின்சீட்டிலிருந்த நான் காது கொடுத்தேன். அவர் வேலைசெய்யும் கந்தோரில் எல்லோருக்கும் பேர் போட்ட அடையாளக் கார்ட் அச்சடிக்கும் புரோகிராமை எழுதியவர் அவர்தானாம்.

"என்ன பிழை?"

"நீளப் பேரெண்டால் கடைசி வெட்டுப்பட்டுப் போகும். தகப்பன்ர பேரையும் சேர்த்து எழுதுற எங்கட தமிழாக்களுக்குத்தான் அது கூட நடக்கும். அடுத்த மாசம் திருத்திவிடுவன்."

"நாங்கள் கட்டடம் கட்டேக்க, சோதனைக்கு வார்த்த கொங்கிரீட் துண்டை உடைச்சுப் பார்க்காமல் அடுத்த மாடி எழுப்பமாட்டம். ஆக்களைக் குடியேத்திப்போட்டே திருத்துறது?"

"கட்டடம் விழுந்தால் ஆக்கள் சாவினம். இது வெறும் கார்ட்தானே, அத்தான். எல்லாப் புரோகிராமும் இப்பிடித்தான் வெளியில வாறது."

வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் இராணுவம் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கியது. அடையாள அட்டையையும் கந்தோர் கார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆமிக்காரன் எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பேர் ஒத்துவராத ஒருவரை மதிலோரம் நிற்கச் சொன்னான்.

அத்தான் குரலைத் தாழ்த்தினார். "உம்மட கார்ட்டும் அதிலதானே அடிச்சது?"

இளையவர் கையிலிருந்த கார்ட்டில், தன் பேர் பாதியில் முடிகிற இடத்தைப் பெருவிரலால் மூடிக்கொண்டார்.