கனமில்லாத சார்ஜர்கள்

இந்தச் சார்ஜரைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள், சார். கனம் தெரிகிறதா? நல்ல சார்ஜருக்கு முதல் அடையாளம் அதுதான். உள்ளே இருக்க வேண்டிய சாமான் எல்லாம் இருந்தால் கைக்கே தெரிந்துவிடும். வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், வயர் நீளமா என்று பார்ப்பார்கள். கனத்தை யாரும் பார்ப்பதில்லை.

கல்லிடைக்குறிச்சி பஸ் ஸ்டாப் பக்கம் பதினாறு வருடமாக செல்போன் கடை வைத்திருக்கிறேன். பெயர் நாறும்பூநாதன், வயது ஐம்பத்து நான்கு. மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மகன் மகேஷ் புனேயில். தீபாவளிக்கு ஒரு விளக்குப் படம் அனுப்புவான், நானும் ஒரு விளக்குப் படம் அனுப்புவேன். கடைக்கு வருகிறவர்கள் போனை நீட்டுவார்கள், சரி பண்ணியதும் அதையே பார்த்துக்கொண்டு இறங்கிப் போவார்கள். என் முகத்தைப் பார்த்து ஒருவர் பேசி எத்தனை நாள் ஆயிற்று என்று ஒரு நாள் யோசித்தேன். அழுகை வந்துவிட்டது. இதையும் உங்கள் ஏட்டை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் சார்.

பாகீரதி மாமி முதலில் வந்தது போன வருடம் ஆனியில். அக்ரகாரத்தில் தனியாக இருந்தார்கள். ஒரே மகள் மஹாலக்ஷ்மி அமெரிக்காவில். சார்ஜர் போய், மகளோடு பேசி இரண்டு நாள் ஆகியிருந்தது. என் கடை பிளக்கிலேயே போனைப் போட்டுவிட்டு ஸ்டூலைத் துடைத்துக் கொடுத்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், "மணி ரெண்டாறதே, சாப்ட்டேளா நாறும்பூ?" என்று கேட்டார்கள். நான் சாப்பிட்டிருக்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அன்றைக்கு நல்ல சார்ஜரைத்தான் முதலில் எடுத்தேன், சார். கையில் வைத்தபோது ஒன்று தோன்றியது. இதைக் கொடுத்தால் மூன்று வருடத்துக்கு மாமி இந்தப் பக்கம் வரமாட்டார்கள். அதைத் திரும்ப வைத்துவிட்டு, மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டியில் கிடந்த ஒன்றை எடுத்தேன். தீப்பெட்டி மாதிரி லேசாக இருக்கும். மேலே அச்சடித்திருக்கும் தர முத்திரை பொய். நாற்பது நாள் தாங்கும். கரண்ட் கசியக்கூடிய சரக்கு என்பதும் எனக்குத் தெரியும். தொழில் தெரிந்தவன் நான்.

சரியாக முப்பத்தெட்டாம் நாள் மாமி வந்தார்கள், கையில் ஒரு கட்டு அப்பளத்தோடு.

"இப்படி எத்தனை குடுத்தீரு வே?"

ஏழு, சார்.

"ஆளைக் கொல்லும்னு தெரியாதாக்கும்?"

தெரியும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்பினேன். "மாமி, சார்ஜ்ல கெடக்கும்போது போனைத் தொடாதிய. ஈரக்கையோட கிட்டக்கயே போகாதிய." எந்தக் கடைக்காரன் இவ்வளவு அக்கறையாகச் சொல்வான்? மாமி சிரிப்பார்கள். "ஆத்துல குளிச்சுட்டு வந்தா மடியோன்னோ. பூஜை முடியறவரைக்கும் போன்ல விரல்கூடப் படாது. நீங்க கவலைப்படாதீங்கோ." தினமும் விடியற்காலையில் படித்துறைக்குப் போய் முழுகிவிட்டு ஈரப்புடவையோடு வீட்டுக்கு நடந்து வருகிறவர்கள். அந்த மடி ஆசாரத்தை நான் முழுசாக நம்பியிருந்தேன்.

மாசியில் அமெரிக்காவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. நீங்கள் கையில் வைத்திருப்பது அதில் வந்ததுதான். மஹாலக்ஷ்மிக்கு அப்போது எட்டு மாதம். "பிரசவ சமயத்துல போன் அணைஞ்சுடப்படாதுன்னு அனுப்பியிருக்கா. நம்மாத்துக்கு ஒத்துக்குமா, பாருங்கோ" என்று கொண்டுவந்தார்கள். இரண்டு தட்டைப் பின். நம் பிளக்கில் நுழையாது. அதற்கு ஒரு சின்ன அடாப்டர் போதும். என் தலைக்கு மேலேயே பத்துப் பதினைந்து தொங்கின. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நூறு முதல் இருநூற்று நாற்பது வோல்ட் வரை என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. நம் வீட்டுக் கரண்ட் இருநூற்று முப்பது.

"ஒத்துக்காது மாமி" என்றேன். "இது அந்த ஊர் கரண்ட்டுக்குச் செஞ்சது. இங்கன மாட்டுனா வெடிச்சிரும். மககிட்ட சொல்லாதிய, பிள்ளத்தாச்சி வெசனப்படும்."

மாமி பயந்துபோய் அதை என்னிடமே விட்டுவிட்டார்கள். ஏழாவதைக் கொடுத்து அனுப்பினேன். அன்றைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்ன பேர் வைக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார்கள். என் மகன் கல்யாணத்துக்குக்கூட என்னிடம் யாரும் யோசனை கேட்கவில்லை.

பங்குனியில் ஒரு காலை ஆறரை மணிக்கு அது நடந்தது. மாமி ஆற்றிலிருந்து வந்து, புடவை சொட்டச் சொட்டக் கூடத்தில் நின்றிருக்கிறார்கள். சார்ஜில் கிடந்த போன் அடித்திருக்கிறது. மருமகன் கிரீஷ். இத்தனை வருடத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் மாமி மடியை மறந்து போனை எடுத்தது. பெண் குழந்தை என்று கிரீஷ் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். இந்தப் பக்கம் பதில் இல்லை.

விபத்து என்று உங்கள் ஸ்டேஷனில் முடித்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

போன வாரம் மஹாலக்ஷ்மி கைக்குழந்தையோடு என் கடைக்கு வந்தாள். அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அம்மா உங்களைப் பத்தியே பேசுவா, அண்ணா. நான் அனுப்பின சார்ஜர்தான் அம்மாவைக் கொன்னுடுத்து" என்று அழுதாள். சுவரில் கருகிக் கிடந்தது எது என்று அவளுக்குத் தெரியாது. உருகிப்போனபின் எல்லாச் சார்ஜரும் ஒரே மாதிரிதான். ஆனால் அவள் சொன்னது தப்பு, சார். அவள் அனுப்பியது அருமையான சார்ஜர். ஐந்து மாதமாக என் போனுக்கு அதைத்தான் போடுகிறேன், ஒரு நாள்கூட சூடானதில்லை. அதை அவளுக்கு எழுதித் தெரியப்படுத்துங்கள். அதற்காகத்தான் வந்தேன்.

எல்லாம் சொல்லிவிட்டேன். தெரிந்தேதான் கொடுத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒரே ஓர் உதவி. இரண்டு நாள் மட்டும் என்னைக் கடைக்கு விடுங்கள். அம்பாசமுத்திரம் ரோட்டில் லில்லி டீச்சர் என்று ஒருவர் இருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்கள், வீட்டில் வேறு ஆள் கிடையாது. வைகாசியிலிருந்து என்னிடம்தான் வருகிறார்கள். இரண்டாவது சார்ஜர் கொடுத்து இன்றோடு முப்பத்தேழு நாள். கடை பூட்டிக் கிடந்தால் ஏமாந்துபோவார்கள். பாவம், சார். அவர்களுக்கு என்னை விட்டால் பேச ஆளில்லை.