சீர்த்தட்டில் வைத்த போன்

இலவசமாகக் கிடைக்கும் ஆன்டிவைரஸ் ஆப்பை யாரும் கண்ணை மூடிக்கொண்டு போனில் ஏற்றக் கூடாது சார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். போனுக்குள் விடுகிற சரக்கை மட்டும் பிடித்துப் பார்த்துத்தான் ஆகவேண்டும். ஒன்று பேட்டரியைக் குடித்துவிடும். இன்னொன்று இல்லாத வைரஸைச் சொல்லிப் பயமுறுத்தும். நான் பலதையும் போட்டுப் பார்த்துக் கழித்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கோபாலபுரத்தில் என் தோப்பு வேலையாட்கள் முதல் சொந்தபந்தம் வரை யார் போன் வாங்கினாலும் "நஞ்சப்பண்ணங்கிட்டக் குடுத்து வாங்குங்க" என்பார்கள். பொள்ளாச்சி பஸ்ஸில் என் போனை ஒருமுறை பறிகொடுத்த பிறகு வந்த ஞானம் இது.

அனுப்பிரியா என் தங்கை கமலாத்தாளின் மூத்த மகள். நல்லேப்பிள்ளியில் வளர்ந்தவள். எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்றால் சும்மா இல்லை. அவள் வயசுக்கு வந்தபோது திரட்டி சீருக்குப் பட்டும் கொலுசும் வைத்தேன். அவள் கல்லூரியில் சேர்ந்தபோது வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து இந்த போனைக் கொடுத்தேன். கொடுக்கும் முன்பே ஆப்பை ஏற்றி, என் கணக்கில் இணைத்து, கேட்ட அனுமதிகளுக்கெல்லாம் சரி கொடுத்திருந்தேன். என்ன மாமா இது என்று கேட்டாள். வைரஸ் வராமல் பார்த்துக்கொள்ளும், அழித்துவிடாதே என்றேன். அது பொய் இல்லை. அந்த வேலையையும் அது செய்யும்.

திருட்டுக்கு எதிரான வசதிகள்தான் அதில் அருமை. போன் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டும். சிம்மை மாற்றினால் புது எண்ணை நமக்கு அனுப்பிவிடும். தூரத்தில் இருந்தே பூட்டலாம், அலற வைக்கலாம். சைலண்டில் கிடந்தாலும் அலறும். கடவுச்சொல் தெரிந்தவன் நிறுத்தினால்தான் உண்டு.

தினமும் காலையில் காப்பி குடித்துக்கொண்டே அந்தப் புள்ளியைப் பார்ப்பது எனக்குப் பழக்கம். கல்லூரி நாட்களில் அது சில நேரம் பாலக்காட்டுக் கோட்டைப் பக்கம் நிற்கும். கூட நிற்பவன் ரிஜோ, உடும்பஞ்சோலைக்காரன், கணினி வகுப்பில் பழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. வயசுப் பிள்ளை, தானாகத் திரும்பிவிடுவாள் என்று இருந்தேன். அவள் என் மகன் பிரதீப்புக்கு முறைப்பெண். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவளுடைய மோதிர அளவை எடுத்து வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அவள் ரிஜோவோடு வீட்டை விட்டுப் போன அன்று அப்பா போட்ட நகை ஒன்றைக்கூட எடுக்கவில்லை. திருடிக்கொண்டு ஓடினாள் என்று நாளைக்கு யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசக் கூடாதே. தாய்மாமன் சீர் மட்டும் பெண்ணுக்குச் சொந்தம், அதில் பிறந்த வீட்டுக்கே உரிமை கிடையாது. அதனால் போனை எடுத்துக்கொண்டாள். சிம்மை மாற்றினாள். புது எண் எனக்கு வந்தது. நான் கூப்பிடவில்லை. அவளாகவே கூப்பிட்டாள்.

"மாமா, நகையெல்லாம் பீரோலயே வெச்சுட்டு வந்துட்டனுங்க. நீங்க குடுத்த போனு மட்டுந்தானுங்க எங்கிட்ட இருக்குது. அப்பா கோவம் தணியற வரைக்கும் நீங்கதானுங்க எனக்குத் தொணை."

"தைரியமா இரு கண்ணு. போனைய மட்டும் அணைச்சு வெக்காத. மாமனுக்குக் கவலையா இருக்குமல்ல?"

எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. அன்று மத்தியானமே அவள் அப்பா மோகனசுந்தரம் என் வீட்டுக்கு வந்து, இடம் தெரியுமா மச்சான் என்று கேட்டார். பெற்றவர் கேட்கும்போது எப்படி மறைப்பது? புள்ளியைக் காட்டினேன். அவரும் அவருடைய அண்ணன் மகன்களும் காரில் ஏறினார்கள். தென்னை மட்டை வெட்டும் கொடுவாளை டிக்கியில் வைத்ததைப் பார்த்தேன். மலைப்பாதையில் மரக்கிளை விழுந்து கிடக்கும், அதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். போனைப் பார்த்து வழி சொல்ல ஆள் வேண்டுமே என்று நானும் முன் சீட்டில் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை போடிமெட்டு ஏறி உடும்பஞ்சோலை போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு சிக்கல். ஆப் துல்லியமாகக் காட்டாது, ஒரு வட்டம்தான் போடும். வட்டத்துக்குள் முழுக்க ஏலக்காய்த் தோட்டம். ஆள் உயரச் செடி, மேலே மூடுபனி. எங்கள் காரைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் உள்ளே ஓடியிருந்தார்கள். மோகனசுந்தரமும் பையன்களும் தேடித் தேடிச் சலித்துத் திரும்பி வந்தார்கள். விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று ஒரு பையன் சொன்னான்.

நான் அலாரத்தை அழுத்தினேன்.

வீட்டில் மெத்தைக்கு அடியில் போன் காணாமல் போனால் எல்லோரும் செய்வதுதான். பனிக்குள் இருந்து சத்தம் தெளிவாகக் கேட்டது. அவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். நான் காரை விட்டு இறங்கவே இல்லை, இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவள் நினைத்திருந்தால் போனைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடியிருக்கலாம். துப்பட்டாவில் சுற்றி வயிற்றோடு அமுக்கி வைத்திருந்தாள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். மாமன் சீரை எறிய மனசு வரவில்லை போல. வளர்ப்பு அப்படி.

கொஞ்ச நேரம் கழித்து மோகனசுந்தரம் வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார். சட்டையெல்லாம் ரத்தம்.

"முடிஞ்சுதுங்க மச்சான். அந்தச் சத்தத்தைய நிறுத்துங்க."

கடவுச்சொல்லைப் போட்டு நிறுத்தினேன். அனுப்பிரியாவின் பிறந்த நாள்தான் கடவுச்சொல்.

ரிஜோ தலையில் தையலோடு பிழைத்துக்கொண்டான் என்று கேட்டு எனக்குச் சந்தோஷம். அவன் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொன்னதால்தானே இங்கே உட்கார்ந்திருக்கிறேன். நேற்று என் தங்கை வந்திருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏனுங்ண்ணா, எம்புள்ள உங்களைய நம்பித்தானுங்களே கூப்புட்டா?"

மகளைப் பறிகொடுத்த துக்கத்தில் கேட்கிறாள். இடத்தைக் காட்டியது நான். அலற வைத்தது நான். கொடுவாள் எதற்கு என்று தெரிந்தேதான் அழுத்தினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பது எப்படிக் குற்றமாகும் என்றுதான் எனக்கு இன்னும் புரியவில்லை சார்.

உங்களிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். தங்கையின் சின்ன மகள் தமிழ்ப்ரியா இந்த வருஷம் கல்லூரியில் சேர்கிறாள். அவளுக்கான போன் என் பீரோவில் பெட்டியோடு இருக்கிறது. சார்ஜ் ஏற்றி, ஆப்பையும் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து பிரதீப் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள தாய்மாமன் என்று நான் ஒருவன்தானே இருக்கிறேன்.