அழைக்கக் கூடாத விருந்து

ரத்மீலா: சார்! வெசெலின் சார்! கதவைத் திறங்க!

வெசெலின்: திறந்துதானே இருக்கு... ஏய், ஏய்! மெதுவா! கண்ணாடிக் கதவு, ரத்மீலா. உடைஞ்சா நம்ம பல்கலைக்கழகம் இந்த ஜென்மத்துல மாத்தித் தராது.

ரத்மீலா: என் ஏஜென்ட் புரோகிராம் திரும்பி வந்துடுச்சு சார்!

வெசெலின்: அட! முழுசா வந்துதா? போன தடவை பாதி வழியிலேயே...

ரத்மீலா: முழுசா வந்துது. என் வழிகாட்டி நீங்க, அப்புறம் மிலுட்டின் சார், ஹங்கேரியில செகெடின்லேர்ந்து வர்ற கதாலின் மேடம். மூணு பரீட்சகர் கம்ப்யூட்டருக்குள்ளயும் தானே போய், காலண்டரைப் பார்த்து, எல்லாருக்கும் ஒத்து வர்ற தேதியோட வந்து நிக்குது.

வெசெலின்: அப்புறம் என்னம்மா? அஞ்சு வருஷ ஆராய்ச்சி. நீ எழுதின புரோகிராம் ஊர் சுத்திட்டு ஒழுங்கா வீடு திரும்புது. உட்காரு, காப்பி போடறேன்.

ரத்மீலா: தேதி எதுன்னு கேளுங்க.

வெசெலின்: எது?

ரத்மீலா: டிசம்பர் பத்தொன்பது.

வெசெலின்: ம்... சர்க்கரை ஒண்ணா, ரெண்டா?

ரத்மீலா: சார்! நிக்கோலா நாள்! உங்க வீட்டு ஸ்லாவா! குடும்பப் புனிதருக்கு மெழுகுவத்தி ஏத்தற அன்னிக்கா என் டாக்டர் பட்டப் பரீட்சை? நம்ம நோவி சாத் ஊர்ல பாதி வீட்டுல அன்னிக்கு விருந்து!

வெசெலின்: ஆமா... நிக்கோலா நாள்தான். அதுக்கென்ன?

ரத்மீலா: அதுக்கென்னவா? தேதி கிடைச்சதும் அது சும்மா இருந்துதா? ஆபீஸ் வெப் சர்வீஸ்கிட்ட கேட்டு மண்டபத்தையும் பதிவு பண்ணிடுச்சு. பலகையில அறிவிப்பே ஒட்டியாச்சு!

வெசெலின்: பாத்தியா! இதுதான் உன் ஆராய்ச்சியோட அழகு. மனுஷங்ககிட்ட நேர்ல போகுது. ஆபீஸ்கிட்ட ஜன்னல்ல நின்னே கேட்டுக்குது. எங்கே போகணும், எங்கே கேட்டா போதும்னு அதுக்கே தெரியுது.

ரத்மீலா: பாராட்டை அன்னிக்குச் சொல்லுங்க. வருஷம் முடியறதுக்குள்ள பரீட்சை நடக்கலைன்னா பழைய விதி காலாவதி. விண்ணப்பத்துலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கணும் நான்.

வெசெலின்: அப்ப தேதியை மாத்தாதே. காலையில ஆரம்பிச்சா மதியத்துக்குள்ள முடிஞ்சுடும்.

ரத்மீலா: உங்க சம்சாரம் கோஸரா அம்மா உங்களை விருந்துக் கெண்டை மீனோட சேர்த்து அடுப்புல வெச்சுடுவாங்க.

வெசெலின்: அவகிட்ட சொல்லியாச்சு.

ரத்மீலா: ...எப்போ?

வெசெலின்: என்ன எப்போ?

ரத்மீலா: தேதி வந்தே பத்து நிமிஷம்தான் ஆகுது.

வெசெலின்: இரு, இரு, காப்பி பொங்குது...

ரத்மீலா: அடுப்பே இன்னும் பத்த வெக்கலை சார். பத்தொன்பதை ஏன் காலண்டர்ல காலியா விட்டீங்க?

வெசெலின்: ஸ்லாவாவை யாரும்மா காலண்டர்ல எழுதறாங்க? பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியுமே.

ரத்மீலா: நியாயம். புரோகிராமுக்குச் சொல்லித் தராதது என் தப்புதான். ஆனா மத்த நாளெல்லாம்? தள்ளிப்போடக்கூடிய வேலையான்னு பாக்க, என் ஏஜென்ட் காரணத்தையும் எடுத்துட்டு வரும். பதினெட்டு, பல் டாக்டர். இருபது, பல் டாக்டர். இருபத்தொண்ணு...

வெசெலின்: பல் வலி தாங்கலை.

ரத்மீலா: உங்களுக்கு இருக்கறது கட்டின பல்லு.

வெசெலின்: ...கீழ வரிசையில ரெண்டு சொந்தம்.

ரத்மீலா: சார்.

வெசெலின்: கதவைச் சாத்து.

ரத்மீலா: சாத்திட்டேன். சொல்லுங்க.

வெசெலின்: மிலுட்டினும் நானும் பேசி நாலு வருஷமாச்சு.

ரத்மீலா: மொத்தக் கட்டடத்துக்கும் தெரியும். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தூது போயே என் செருப்பு தேஞ்சுது.

வெசெலின்: ஏன்னு தெரியுமா? ஒரு கருத்தரங்கு. அவன் வெப் சர்வீஸ் ஆளாச்சே... "வெளியில நின்னு கேட்டாலே பதில் வரும்போது, உன் புரோகிராம் எதுக்குடா அடுத்தவன் வீட்டுக்குள்ள நுழையுது?"ன்னு கேட்டான்.

ரத்மீலா: நீங்க சும்மா இருந்திருப்பீங்களே!

வெசெலின்: "உன் புரோகிராம் உன்னை மாதிரியே சோம்பேறி, வீட்டை விட்டு நகராது"ன்னேன். மண்டபமே சிரிச்சுது. அவன் மட்டும் சிரிக்கலை.

ரத்மீலா: ஐயோ.

வெசெலின்: அதுவரைக்கும் எங்க ஸ்லாவாவுக்கு முதல் ஆளா வருவான், கடைசி ஆளாப் போவான். அப்புறம் வரவே இல்லை. கோஸரா இன்னும் அவன் நாற்காலியில யாரையும் உக்கார விடறதில்லை.

ரத்மீலா: ஒரு போன் பண்ணிக் கூப்பிட்டிருந்தா...

வெசெலின்: கூப்பிடறதா? ஸ்லாவாவுக்கா? நீ எந்த ஊர்ப் பொண்ணு? கல்யாணத்துக்குக் கூப்பிடலாம், துக்கத்துக்குச் சொல்லி அனுப்பலாம். ஸ்லாவாவுக்கு வர்றவன் தானா வரணும். கூப்பிட்டா, "நீ இந்த வீட்டு ஆள் இல்லை"ன்னு முகத்துக்கு நேரா சொன்ன மாதிரி.

ரத்மீலா: அதனால?

வெசெலின்: அதனால நான் யாரையும் கூப்பிடலை. பரீட்சை முடியும். என் வீடு பாலத்துக்கு இந்தப் பக்கம்தான். கதாலின் மேடத்துக்கு பஸ் சாயங்காலம், பசிக்கும், வருவாங்க. நீ வருவே. அவன் மட்டும் டான்யூப் கரையில தனியா நின்னு வாத்துக்கு ரொட்டி போட்டுக்கிட்டிருப்பானா?

ரத்மீலா: ஆக, என் டாக்டர் பட்டத்தை அழைப்பிதழா அடிச்சுட்டீங்க.

வெசெலின்: அழைப்பிதழ்ங்கற வார்த்தையைச் சொல்லாதே!

ரத்மீலா: இது சூழ்ச்சின்னு தெரிஞ்சு அவர் கையெழுத்து போடாம எழுந்து போயிட்டா? போறது உங்க விருந்து இல்லை சார், என் அஞ்சு வருஷம்.

வெசெலின்: ...யோசிக்காம இல்லை. யோசிச்சும் செஞ்சேன், அதுதான் தப்பு. நகரு, கம்ப்யூட்டர்கிட்ட போகணும். இதோ, பல் டாக்டரை எல்லாம் அழிச்சாச்சு. இருபது, இருபத்தொண்ணு, ரெண்டு... எல்லாம் காலி. ஏஜென்ட்டை மறுபடி அனுப்பு. வேற தேதி வரட்டும். கோஸராவை நான் சமாளிச்சுக்கறேன்.

ரத்மீலா: அனுப்பினாலும் இதே தேதிதான் வரும் சார்.

வெசெலின்: ஏன்? கதாலின் மேடத்துக்கு வேற நாள் தோதுப்படாதா?

ரத்மீலா: அவங்களுக்கு மாசம் பூரா காலி.

வெசெலின்: அப்புறம் யாராம்?

ரத்மீலா: மிலுட்டின் சார்தான்... பத்தொன்பதை மட்டும் விட்டுட்டு, மத்த எல்லா நாளையும் அவரும் அடைச்சு வெச்சிருக்கார்.