முப்பதாவது நாளு

அதில்லம்மா... ஒரு ஊருன்னா நாலு பேரு 'எங்க போற'ன்னு கேக்க வேணாமா? இந்த நாட்டுக்கு வந்த நாள்லேர்ந்து பாக்குறேன், ஒருத்தர் கேக்கல. மக வீடு சுபாங் ஜெயால, பதினாலாவது மாடி. எதிர்வீட்டுப் பொம்பள தெனமும் லிப்ட்ல வருது. சிரிக்குது. அதோட சரி. சீனத்தி, பாஷை தெரியாதுன்னு வைங்க. கீழ வாட்ச்மேன் நம்மாளுதான். கேட்டத் தெறந்து விடுவான், ஆன்டி எங்க கெளம்பிட்டீங்கன்னு ஒரு வார்த்தை? ம்ஹூம்.

நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. பையை இப்படி வைங்க. ரயில்ல இது பொம்பளைங்க பெட்டிதானே, கால நீட்டிக்கலாம். ஆனா இந்த ஏசி எதுக்கும்மா? வெளிய வேகுது, உள்ள வெறைக்குது.

சாப்பாடும் அப்படித்தான். இப்ப கிள்ளான்ல ஒரு கடைல வாழை இலைல சாப்பிட்டுட்டுத்தான் ஏறுனேன். சாம்பார் இனிக்குது. டீயக் கேட்டா பாயாசம் வருது. சீனி போடாம குடுங்க தம்பின்னேன். 'கொசோங்னு சொல்லுங்க ஆன்டி, அப்பதான் போட மாட்டாங்க லா'ங்கிறான். அவனும் தமிழு, நானும் தமிழு... இதுக்கு நடுவுல கொசோங் எதுக்கு? நேத்து மகளுக்கு நானே இந்த ஊரு ஆளு மாதிரி போன்ல 'சரி லா'ன்னுட்டேன். அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே.

ரசம் நல்லாருந்துச்சு, அதச் சொல்லணும். ரெண்டு தரம் வாங்குனேன். ஒத்தையா ஒரு மேசைல உக்காந்து.

இன்னிக்கு ராத்திரி எட்டரைக்குத் திருச்சி ப்ளைட்டு. முப்பது நாளுதானே தங்க விடுறாங்க, இன்னிக்கு முப்பதாவது நாளு. ஆனா பாஸ்போர்ட்டக் காணோம். ஆமாம்மா, காணோம். மாதவி, அதான் என் மக, முந்தாநேத்துலேர்ந்து தேடுறா. மெத்தையத் தூக்கிப் பாத்தாச்சு, அரிசி டப்பாவக் கொட்டிப் பாத்தாச்சு. 'நாந்தாம்மா எங்கயோ வச்சுத் தொலைச்சிட்டேன்'னு தன்னைத்தானே திட்டிக்கிறா. போலீஸ்ல எழுதிக் குடுத்து, அப்புறம் நம்ம ஊரு எம்பசிக்கு வேற போகணுமாம். லீவு போட்டுட்டுப் போயிருக்கா. நான் எதுக்குக் குறுக்கேன்னு, கிள்ளான் கோயிலுக்குப் போய் வேண்டிட்டு வரேன்னு கெளம்பிட்டேன்.

என்ன வேண்டினேனா? அத விடுங்க.

ஊர்ல மகன் வீட்டுல இருக்கேன். திண்டுக்கல்லு. முகுந்தன்னு பேரு. நல்ல பையன், அதாம்மா கஷ்டமே. அவங்கப்பா போனதுலேர்ந்து என்னை ஒத்தையா விட மாட்டான். தெருமுக்குக்குக் கருவேப்பிலை வாங்கப் போனாலும் தொணைக்கு ஆளு. அவன் கேட்டு முடிச்சா மருமக கேக்கும், அது முடிச்சா பக்கத்து வீடு கேக்கும். என் போன்ல என்னமோ போட்டு வச்சிருக்கான், நான் எங்க நிக்கிறேன்னு அவனுக்குப் புள்ளியாத் தெரியுமாம். சாமி முன்னாடி ரெண்டு நிமிசம் கூட நின்னுட்டா, 'ஏம்மா அங்கயே நிக்கிறீங்க'ன்னு போன் வரும். இங்க மாதவி குடுத்த போனு, அதுல அந்தப் புள்ளி இல்ல.

இங்க மொத வாரம் ஒருத்தரும் எதுவும் கேக்கலன்னு அழுதேன். ரெண்டாவது வாரம் மாதவி ரயிலு பஸ்ஸுக்குன்னு ஒரு கார்டு வாங்கிக் குடுத்தா, தட்டுனா கதவு தெறக்குது. பிரிக்பீல்ட்ஸ் போனேன். பத்துமலைக்குப் போய் பாதிப் படியோட திரும்பிட்டேன். ஏன் பாதின்னு யாரும் கேக்கல. ஒருநா செலாயாங் பாசார், அதான் சந்தை, அது வரைக்கும் பஸ்ல போயி, மீனப் பாத்துட்டு வந்தேன். வாங்கல, சும்மா பாத்தேன். அம்பத்தெட்டு வயசாச்சு எனக்கு. சும்மா ஒரு எடத்துக்குப் போறது இவ்வளவு நல்லாருக்கும்னு யாரும்மா சொன்னா?

...காணாமல்லாம் போகலம்மா. இந்தா, இந்தக் கைப்பைலதான் இருக்கு, விபூதிப் பொட்டலத்துக்கு அடியில.

அப்படிப் பாக்காதீங்க. பாஸ்போர்ட்டு இல்லன்னா போக முடியாது, இன்னும் ஒரு பத்து நாளு கெடைக்கும்னு நெனச்சேன். அவ போலீஸ் வரைக்கும் போவான்னு யாரு கண்டா? என் புள்ள இப்ப என் தப்பத் தன் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு நிக்கும். நெனச்சா நெஞ்சு வலிக்குது.

இருங்க, அவதான் கூப்புடுறா.

ம்... ரயில்லதாம்மா. ம். அழுவாதடி. ...யாருகிட்டச் சொன்ன? முகுந்தங்கிட்டயா? அவங்கிட்ட ஏன் சொன்ன? ...டிக்கெட்டே போட்டுட்டானா? நாளைக்கா? நானும் நீயும் இருக்கோம், அவன் எதுக்கு? ...என்னையத் தனியா விட முடியாதுன்னு. ம்.

மாதவி. இரு, சொல்றதக் கேளு. கெடச்சிருச்சு. ஆமா, இப்பதான். என் பையிலயேதான் கெடந்துச்சு, நாந்தான் சரியாப் பாக்கல. நீ போலீஸ்ல ஒண்ணும் எழுதாத, வீட்டுக்கு வா. அவன வர வேணாம்னு சொல்லு. நான் இன்னிக்கே கெளம்புறேன்.

...வச்சிட்டா. சந்தோஷத்துல இன்னும் அழுவுறா.

சுபாங் ஜெயாவா? ஆமா, நான் எறங்க வேண்டிய எடந்தான். தெரியும்மா, நீங்க பையப் புடிங்க, எனக்கு வழி விட வேணாம். மணி ஒண்ணுதானே ஆகுது. அடுத்த ஸ்டேசன்ல எறங்கி, எதிர்ல வர்ற ரயில்ல திரும்பிக்கிறேன். ஒரு ஸ்டேசன்தானே.