முதலிடம் வராமல் பார்த்துக்கொண்டவள்

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனச் சீட்டைப் பெட்டியில் போடாவிட்டால் பங்குக் கோயில் ஆபீஸிலிருந்து அம்மாவுக்குப் போன் போய்விடும், அதனால்தான் வந்தேன் ஃபாதர். வேறு அவசரம் ஒன்றும் இல்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் வயதானவர்கள். அவர்கள் பாவமெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். நான் நிதானமாகவே சொல்கிறேன்.

பெயர் சேரின். ஞானஸ்நானப் பெயர் செசிலியா. பாட்டுக்காரர்களுக்குக் காவலான புனிதை அவர். நான் தொட்டிலில் அழுத அழுகையைக் கேட்டே அம்மா முடிவு கட்டிவிட்டாளாம். லூமிபெல் குழுவின் முதன்மைப் பாடகி நான்தான். உங்கள் மறைக்கல்விப் பிள்ளைகள் போன ஞாயிறு கோயில் வாசலில் எங்கள் பாட்டுக்கு ஆடினார்கள், நீங்களும் தாளம் தப்பாமல் தலையாட்டினீர்கள். பார்த்தேன். அதைப் பாவக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நாங்கள் நான்கு பேர். தலைவி தாஹே அக்கா, நான், மிரே, கடைக்குட்டி போராம். எங்களை வைத்து நடத்தும் கம்பெனி மாங்வொன் சந்தைக்குப் பின்னால், பன்றி எலும்புக் குழம்புக் கடையின் மேல்மாடி. எங்கள் உடைகளில் என்ன செண்ட் அடித்தாலும் குழம்பு வாசனை போகாது. கையெழுத்து வாங்க வரும் ரசிகர்கள், "உங்க பக்கத்துல வந்தாலே பசிக்குதுக்கா" என்பார்கள். ஏழு வருட ஒப்பந்தம். அந்த ஏழு வருடத்திலும் எங்களுக்கு இருந்தது ஒரே ஆசை. வாராந்திர டிவி பாட்டு நிகழ்ச்சியில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை முதலிடம். கோப்பை வைப்பதற்கென்று தாஹே அக்கா நாங்கள் தங்கும் விடுதியில் ஓர் அலமாரித் தட்டைக் காலி செய்து வைத்திருந்தாள். வாரா வாரம் அதைத் துடைப்பாள். அவளுக்கு உடம்பு சரியில்லாதபோது நான் துடைப்பேன்.

அந்த முதலிடம் வராமல் பார்த்துக்கொண்டதும் நான்தான்.

காரணம் கேட்டால் உங்களுக்கே நியாயமாகப் படும். மற்ற நாட்களில் நாங்கள் ஆடும்போது பின்னால் பதிவான குரல் ஓடும், அதன் மேல் நாங்களும் கொஞ்சம் பாடிக்கொள்வோம். ஊருக்கே தெரிந்த விஷயம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் முதலிடம் என்று அறிவித்துவிட்டால் கதை வேறு. மேலிருந்து பூத்தாள், வண்ண வண்ணக் காகிதத் துண்டுகள், கொட்டும். கையில் கோப்பையைக் கொடுப்பார்கள். பதிவான குரலை நிறுத்திவிட்டு வெறும் வாத்தியத்தை மட்டும் ஓட விடுவார்கள். இப்போது பாடு பார்க்கலாம் என்று அர்த்தம். நீங்கள் மேடையை விட்டு இறங்குவதற்குள் அது இணையத்தில் ஏறிவிடும். இவளுக்குப் பாட வருமா வராதா என்று நாடே சப்புக்கொட்டிக்கொண்டு கேட்கும்.

எனக்குப் பாட வராது ஃபாதர். முன்பு வரும். இரண்டாம் வருடம் ஒரு பாட்டில் உச்சத்தில் நீட்டிப் பிடிக்கிற இடம் ஒன்று இருந்தது. பதிவறையில் ஒவ்வொரு தடவையும் என் குரல் அங்கே உடைந்தது. இசையமைப்பாளர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மாதிரிக் குரல் பாடித் தரும் ஒரு பெண்ணை வரவழைத்தார். பூச்சன் பக்கம் வீடு. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தாள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை, ஒரே மூச்சில் பாடினாள், பிள்ளைகளைக் கூட்டிவரப் போய்விட்டாள். அந்த இடத்துக்கு ரசிகர்கள் வைத்த பேர் 'வானம் கிழிப்பான்'. எனக்கு 'இரும்புத் தொண்டை'. அதன்பின் எந்தப் பாட்டிலும் உச்சம் அந்த அம்மாளுடையது. நாங்கள் தனித்தனியாகத்தான் பதிவு செய்வோம் என்பதால் மற்ற மூவருக்கும் தெரியாது. இசையமைப்பாளர் சொல்ல மாட்டார், சொன்னால் அவர் பிழைப்பும் போகும்.

என் தொண்டையில் ஒரு சின்ன முடிச்சு என்றார் டாக்டர். அறுத்து எடுத்துவிட்டு அரை வருடம் வாய் திறக்காமல் இருந்தால் சரியாகிவிடுமாம். நானும் யோசித்தேன். போராமுக்கு அப்போது பதினாறு வயது. பாத்திரம் கழுவும்போது முணுமுணுப்பதைக் கேட்டாலே தெரியும், அவளுக்கு வாய் நிறையக் குரல். நான் அரை வருடம் வாயை மூடினால் அவள் திறப்பாள். யார் முதன்மைப் பாடகி என்று குழப்பம் வரும், குழு இரண்டுபடும். குழுவின் நன்மைக்காக ஆபரேஷன் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சமாளிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. கல்லூரி விழாக்களில் உச்சம் வரும் நேரத்தில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டி, "எல்லாரும் சேர்ந்து" என்பேன். இந்த ஊர் மாணவர்கள் எனக்காக எத்தனை பேர் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள் தெரியுமா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோறு போதுமான அளவு இருந்தால் மறைக்கலாம்.

முதல் தடவை நாங்கள் முதலிடப் போட்டிக்கு வந்தது மூன்றாம் வருடம். நிகழ்ச்சி ஓடும்போதே ரசிகர்கள் குறுஞ்செய்தியில் ஓட்டுப் போட வேண்டும். அன்று காலை ரசிகர் மன்றப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். "நாளைக்குப் பரீட்சை இருக்கும், வேலை இருக்கும். எங்களுக்காகப் போனும் கையுமா உட்கார்ந்திருக்காதீங்க. நீங்க நல்லாச் சாப்பிட்டுத் தூங்கினா அதுவே எங்களுக்கு முதலிடம்." அழுதே விட்டார்கள் ஃபாதர். சொன்ன பேச்சைக் கேட்டு, நல்லாச் சாப்பிட்டுத் தூங்கியும் விட்டார்கள். கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் தோற்றோம். எனக்கு 'தேவதை சேரின்' என்று இன்னொரு பேர் கிடைத்தது. இது பொய்கூட இல்லை. தூக்கம் உடம்புக்கு நல்லதுதானே.

இரண்டாம் தடவை ஐந்தாம் வருடம். முதலிடம் வந்தால் என்ன செய்வோம் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம். பூனை வேஷம் போட்டு ஆடுகிறோம், முள்ளங்கி வேஷம் போட்டுப் பாடுகிறோம் என்று ஏதாவது சொல்ல வேண்டும். பெரிய கரடித் தலையை மாட்டிக்கொண்டு பாடுகிறேன் என்றேன் நான். உள்ளே பஞ்சு கனமாக இருக்கும், குரல் சரியாக வெளியே வராது. தாஹே அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"முதல் தடவை ஜெயிக்கிற அன்னைக்கு மூஞ்சிய மூடிக்கிட்டா நிப்ப? உங்கம்மா பார்க்க வேணாமா? போடி லூசு."

ஆக, அக்காவே என்னை வேறு வழி தேட வைத்தாள். அவளுக்கு ஒரு பையன் இருந்தான், நூலகத்தில் வேலை. முகமூடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு இருவரும் ஹான் ஆற்றங்கரையில் சின்னக் கூடாரம் போட்டு உட்காருவார்கள். எந்த வளைவில், எந்த நிறக் கூடாரம் என்று ஒரு பத்திரிகைக்காரருக்குச் சொன்னேன். ஒரே கிண்ணத்தில் ராமியோன் நூடுல்ஸ் உறிஞ்சும் படம் அழகாகவே வந்திருந்தது. ரசிகர்கள் மின்பலகை லாரி ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் கம்பெனி வாசலில் நிறுத்தினார்கள். 'ராமியோனா, ரசிகர்களா, முடிவு பண்ணு' என்று நாள் முழுக்கப் பலகையில் எழுத்து ஓடியது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தால் குழம்புக் கடைக்காரருக்கு அன்று நல்ல வியாபாரம். ஆல்பம்தான் விற்கவில்லை, முதலிடமும் கைநழுவியது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று மானேஜர் அண்ணன் சோஜு சாராயத்தை ஊற்றிக்கொண்டு புலம்பினார்.

இந்த மாதிரிச் சமயத்தில் கையால் எழுதித்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அக்காவோடு உட்கார்ந்து, நல்ல தாளாக நானே பார்த்து எடுத்துக்கொடுத்தேன்.

"கடைசி வரியில ஒரு சொட்டுக் கண்ணீர் விழட்டும்க்கா. மை லேசாக் கலைஞ்சிருந்தாத்தான் நம்புவாங்க."

"வருதுடி, தானாவே வருது," என்று அழுதாள். எழுதி முடித்ததும் என் தோளில் சாய்ந்து, "நீ மட்டும் இல்லன்னா நான் செத்தே போயிருப்பேன்" என்றாள். அவர்கள் பிரிந்துவிட்டார்கள். அந்தப் பையனுக்கு இப்போது கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. அக்கா அவன் படத்தை இன்னமும் போனில் வைத்திருக்கிறாள், எங்களுக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டு. நன்றாக இருக்கிறார்கள், எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

இருமுகிறீர்களே ஃபாதர். கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். தொண்டை விஷயத்தில் அலட்சியம் கூடாது.

மூன்றாவது, இந்த வருடம். ஒப்பந்தம் முடியப்போகிற நேரம், அதுதான் கடைசிப் பாட்டு. கடைசி என்று தெரிந்ததும் ரசிகர்கள் வெறி பிடித்ததுபோல் ஆல்பங்களை வாங்கினார்கள். இந்தத் தடவை உறுதி என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். தாஹே அக்கா அலமாரித் தட்டில் புதுத் துணி விரித்தாள். நால்வரில் ஒருவருக்கு லேசாக அடிபட்டால் போட்டி நடக்கும் வாரம் நிகழ்ச்சிக்குப் போகாமல் இருந்துவிடலாம், போட்டி தானாகக் கடந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. போராம் சின்னப் பெண், எலும்பு சீக்கிரம் கூடும். அதை யோசித்துத்தான் அவளைத் தேர்ந்தெடுத்தேன். போட்டிக்கு முந்தின வார நிகழ்ச்சியில், மேடையில் கண்ணாடிப் படிக்கட்டு போட்டிருந்தார்கள். அவள் செருப்பின் அடியில் குழந்தைகளுக்குத் தேய்க்கிற எண்ணெயைத் தடவினேன்.

நான் நினைத்தது சுளுக்கு. மேல்படியிலிருந்து கீழ்ப்படிவரை வருவாள் என்று நினைக்கவில்லை.

விழுந்தவள் விழுந்தபடி கிடந்திருக்கலாம். எழுந்தாள் ஃபாதர். ஒற்றைக் காலில் நின்று தன் கடைசி வரியைப் பாடினாள். பாட்டு முடிந்ததும் கேமரா ஒரு முகத்தைப் பக்கத்தில் காட்டும் இல்லையா, அன்று அவள் முகம். வலியில் கண்ணீர் வழிகிறது, உதடு சிரிக்கிறது. ஆம்புலன்ஸில் என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கைய விட்றாதீங்க. வேற யாரும் வேணாம்." நானும் விடவில்லை.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான் அப்புறம். அந்த முகம் ஊரெல்லாம் பரவிவிட்டது. எங்கள் பேரே தெரியாத டாக்சிக்காரர்கள், மீன் கடைக்காரர்கள் எல்லாம் பாட்டைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். அடுத்த வாரம் போட்டிக்குப் போகாமல் இருப்பதாவது, டிவிக்காரர்களே சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட்டு வைத்திருந்தார்கள். முதலிடம், லூமிபெல். தாஹே அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். மிரே யாரென்றே தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். பூத்தாள் கொட்டியது. பின்னணிக் குரல் நின்றது.

நான் பதறவில்லை. முதன்முதலாக ஜெயிக்கிறவர்கள் அழுகையில் பாட முடியாமல் நிற்பது சகஜம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அழுதேன். நன்றாகவே அழுதேன். உச்சம் நெருங்கியபோது மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்தேன். அந்த இடம் வெறுமையாகக் கடந்துபோக வேண்டியதுதான் பாக்கி.

போராம் பாடினாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, என் வரியை, என் உச்சத்தை. அந்தப் பூச்சன் அம்மாளைவிடச் சுத்தமாக. பாடிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், நான் பாத்துக்கறேன்க்கா என்கிற மாதிரி. மறுநாள் நான் அழுத படத்தைப் போட்டு, 'தங்கையின் வளர்ச்சியைக் கண்டு பெருமைக் கண்ணீர்' என்று எழுதினார்கள். ஒருவர்கூடப் பொறாமை என்று எழுதவில்லை. இருந்தால்தானே எழுதுவார்கள்.

அவள் காலில் தகடு வைத்திருக்கிறார்கள். நடக்கலாம், இனி ஆட முடியாது. அதனாலென்ன, உட்கார்ந்து பாடட்டும் என்று கம்பெனி அவளோடு மட்டும் புது ஒப்பந்தம் போடுகிறது. பிப்ரவரியில் தனி ஆல்பத்துக்குப் பதிவு. தாஹே அக்கா ஊருக்குப் போய் ஆட்டப் பள்ளி வைக்கப்போகிறாள். மிரே இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லை. எனக்கு மானேஜர் அண்ணன் ஒரு பூச்செண்டு கொடுத்தார்.

மனம் வருந்துகிறாயா என்று கேட்கிறீர்கள். வருந்துகிறேன் ஃபாதர். எண்ணெயைக் கொஞ்சம் குறைவாகத் தடவியிருக்க வேண்டும்.

அவளிடம் போய் உண்மையைச் சொல் என்பீர்கள். சொன்னால் யாருக்கு லாபம்? பிள்ளை மனசு உடைந்துபோவாள். நீங்களும் இந்தத் திரைக்கு வெளியே வாய் திறக்க முடியாது. அதற்காகத்தான் இங்கே வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். பரிகாரம் ஏற்கெனவே தொடங்கியாயிற்று. ஒப்பந்தம் முடிந்தும் அவளோடு விடுதியிலேயே தங்கியிருக்கிறேன். பதிவுக்கு முன்னால் உச்சத்தை இன்னும் ஏற்ற வேண்டுமாம், அவளே வந்து கேட்டாள். "எனக்கு நீங்கதான்க்கா சொல்லித் தரணும். இரும்புத் தொண்டைன்னா சும்மாவா?"

மறுக்க மனம் வரவில்லை. காலையில் எழுந்ததும், வெந்நீர்கூடக் குடிக்குமுன், அடித்தொண்டையிலிருந்து இழுத்து அந்த உச்சத்தைப் பிடிக்கச் சொல்கிறேன். சாப்பிட்டதும் மறுபடி. வலித்தால் நிறுத்தாதே, வலி போகும்வரை பாடு என்று சொல்லியிருக்கிறேன். இப்படியெல்லாம் செய்தால் என்ன ஆகும் என்று என் டாக்டர் அன்றைக்கே எனக்குப் படம் போட்டு விளக்கினார். அதனால் இந்த விஷயத்தில் என்னைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. நல்ல பிள்ளை, சொன்னதைத் தட்டுவதே இல்லை.

இன்று காலை, "குரல் கம்முதுக்கா, பயமா இருக்கு" என்றாள். நல்ல அறிகுறிதான், விட்டுவிடாதே என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.